கூகுள் அப்டேட்டுக்குப் பிறகு தளத்துக்கு ஆள் வரத்து குறைந்தால்: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள ஹோம்ஸ்டேக்கள், சின்னக் கடைகள், பண்ருட்டி முந்திரி வியாபாரிகள் என்று சிலருடைய இணையதளங்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. கூகுள் ஒரு கோர் அப்டேட்டை, அதாவது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் செய்யும் பெரிய மாற்றத்தை, அறிவித்தால் அடுத்த பத்து நாளும் ஒரே மாதிரியான அழைப்புதான் வரும்.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஓர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, அப்டேட்ல நம்ம சைட்டைத் தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. ஒரு வாரமா ஒரு விசாரணைகூட வரல." அப்போது ஒரு கோர் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். நவம்பர் 11-இல் தொடங்கி டிசம்பர் 5-இல் முடிந்தது. ஆனால் தேடலில் தளம் எப்படி நிற்கிறது என்று கூகுளே காட்டும் கருவியான சர்ச் கன்சோலை அவருடைய கணக்கில் திறந்தால், நவம்பர் 11-ஐ ஒட்டி வரத்துக் கோடு அசையவே இல்லை. மாதக் கடைசியில்தான் இறங்கியிருந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த வாரம் பாண்டிக்கு அறை தேட யார் இருந்தார்கள்? தளத்தின் பொசிஷன், அதாவது தேடல் முடிவில் அதன் இடம், மாறாமல் இருந்தது. தேடுகிற ஆட்கள்தான் இல்லை. அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று பன்னிரண்டு பக்கங்களின் தலைப்பை மாற்றியிருந்தார். அவற்றைப் பழையபடி ஆக்கியதுதான் நான் செய்த ஒரே வேலை.

வரத்து குறைந்தால் முதலில் தேதி, அப்புறம் எந்தப் பக்கம், எந்தத் தேடல் என்ற விவரம், அதற்குப் பிறகுதான் மருந்து. கீழே உள்ளவை எல்லாம் இந்த வரிசைக்குக் கட்டுப்பட்டவை.

## எதையும் தொடுவதற்கு முன்

சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து 16 மாதத்தையும் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் பழைய தரவு அங்கே இருக்காது. கோடு இறங்கத் தொடங்கிய தேதியை ஒரு தாளில் எழுதுங்கள். அங்கே காட்டும் தேதி அமெரிக்க பசிபிக் நேரப்படி. நம் நேரத்துக்கு அரை நாளுக்கும் கூடுதலாகப் பின்தங்கியது. ஒரு நாள் முன்பின் இருந்தால் குழம்ப வேண்டாம். கடைசி இரண்டு மூன்று நாள் எண்கள் முழுமையாக வந்து சேர்ந்திருக்காது. அந்த நுனி இறங்கியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் அழைப்பவர்கள் நிறைய.

அடுத்து கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டு. கோர் அப்டேட், ஏமாற்று வேலைகளுக்கு எதிரான ஸ்பாம் அப்டேட் எதுவானாலும் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் அதில் இருக்கும். அப்டேட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். முடிந்து ஒரு முழு வாரம் போகட்டும். அந்த வாரத்தை, அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுங்கள். நடுவில் உள்ள நாட்களின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

மூன்றாவது சோதனைதான் அதிகம் உதவும். தேடல் சொற்களை இரண்டாகப் பிரியுங்கள்: உங்கள் கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்கள் ஒரு பக்கம், பெயர் தெரியாமல் பொருளையோ இடத்தையோ தேடியவர்கள் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் தொழில்நுட்பக் கோளாறு, அல்லது சீசன். பெயர் சொல்லாத தேடல் மட்டும் விழுந்திருந்தால் அல்காரிதம், அதாவது கூகுள் வரிசைப்படுத்தும் முறை, மாறியதாக இருக்க வாய்ப்பு உண்டு.

நம் ஊருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். 2006-லேயே பெயர் புதுச்சேரி என்று மாறிவிட்டாலும் பாண்டிச்சேரி, பாண்டி என்று தேடுகிறவர்கள் இன்றும் ஏராளம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பல எழுத்துக்கோவைகள். ஒன்றை மட்டும் ஃபில்டரில் போட்டுவிட்டு "பாதி போய்விட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். பல சொற்களை ஒன்றாகப் பிடிக்கும் ரீஜெக்ஸ் ஃபில்டரில் எல்லாவற்றையும் நடுவில் செங்குத்துக் கோடு போட்டு அடுக்கினால் மொத்தமும் ஒரே வரைபடத்தில் வரும்.

## அறிகுறி: ஓரிரு நாளில் கோடு செங்குத்தாக விழுந்துவிட்டது

கோர் அப்டேட் பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஓடும். அதன் பாதிப்பு பெரும்பாலும் சரிவாகத் தெரியும், பள்ளமாக அல்ல. இப்படி வெட்டினாற்போல் விழுந்தால் முதலில் நம் வீட்டுக்குள் தேடுங்கள்.

### அனலிட்டிக்ஸில் மட்டும் விழுந்து, சர்ச் கன்சோலில் கிளிக் அப்படியே இருந்தால்

ஆட்கள் வருகிறார்கள், அவர்களை எண்ணுகிற கருவியான அனலிட்டிக்ஸ்தான் நின்றுவிட்டது. தீம் மாற்றியபோதோ குக்கி அனுமதி கேட்கும் பிளகின் (கூடுதல் செயலி) போட்டபோதோ அதன் நிரல் துண்டு தளத்திலிருந்து தொலைந்திருக்கும். திரும்ப ஒட்டினால் முடிந்தது.

### இரண்டிலும் விழுந்தது, தளம் நன்றாகத் திறக்கிறது

வேர்ட்பிரஸ் என்றால் அமைப்புகளில் ரீடிங் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய (தங்கள் பட்டியலில் சேர்க்க) வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பெட்டி அங்கே இருக்கும். பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கடைக்காரர் புது டிசைனுக்கு மாறினார். டிசைன் செய்தவர் சோதனைத் தளத்தில் அந்தப் பெட்டியை டிக் செய்து வைத்திருந்தார், அது சரியான செயல்தான். ஆனால் அப்படியே நகலெடுத்து உண்மைத் தளத்தில் ஏற்றும்போது டிக்கும் சேர்ந்தே வந்துவிட்டது. கூகுள் அடிக்கடி வந்து பார்க்கும் முகப்புப் பக்கம் முதலில் காணாமல் போனது, அப்புறம் அதிகம் விற்கும் பக்கங்கள். அவர் ஒரு மாதமாக அந்த மாதத்து அப்டேட்டைத் திட்டிக்கொண்டிருந்தார். டிக்கை எடுத்து, முக்கியமான பக்கங்களைச் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போட்டு இண்டெக்ஸ் செய்யக் கேட்டோம். முகப்பு சில நாளில் வந்தது, மற்றவை மெதுவாகப் பின்னால் வந்தன.

அது சரியாக இருந்தால், தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். டிஸ்அலோ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால், முழுத் தளத்துக்கும் பூட்டு போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

### நமக்குத் திறக்கிறது, கூகுளுக்குத் திறக்கவில்லை

இது கண்ணுக்குத் தெரியாது, அதனால் நாள் கடத்தும். யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் ஒரு பக்கத்தைக் கொடுத்து லைவ் டெஸ்ட் ஓட்டுங்கள். தோல்வி என்றால் சர்ச் கன்சோல் அமைப்புகளுக்குள் உள்ள கிரால் ஸ்டாட்ஸில் (கூகுள் வந்து படித்த கணக்கு) ஹோஸ்ட் நிலையைப் பாருங்கள். டிஎன்எஸ் (டொமைன் பெயரிலிருந்து சர்வரைக் கண்டுபிடிக்கும் முறை) பிழையா, சர்வர் இணைப்புப் பிழையா, ரோபோட்ஸ் கோப்பை எடுக்க முடியவில்லையா என்று அதிலேயே பிரித்துக் காட்டும். தொல்லை தரும் பாட்களைத் தடுக்கப் போட்ட ஃபயர்வால் பிளகின், பக்கங்களைப் படிக்க வரும் கூகுள்பாட்டையும் சேர்த்துத் தடுத்திருக்கும். பிளகினை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி சோதித்தால் தெரிந்துவிடும். அதிலும் சரியாகவில்லை என்றால் தடை ஹோஸ்டிங் பக்கம் இருக்கிறது. கிரால் ஸ்டாட்ஸ் படத்தோடு அவர்களுக்கு டிக்கெட் போடுங்கள். படம் இல்லாமல் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்ற பதில்தான் கிடைக்கும்.

### சர்ச் கன்சோலின் மேனுவல் ஆக்‌ஷன் பகுதியில் ஏதாவது எழுதியிருக்கிறது

அப்படியென்றால் இது அல்காரிதம் அல்ல. கூகுளில் ஓர் ஆள் பார்த்துத் தண்டனை போட்டிருக்கிறார். என்ன குற்றம் என்று அங்கேயே எழுதியிருப்பார்கள். அதை உண்மையாகவே சரிசெய்துவிட்டு, என்ன செய்தீர்கள் என்பதை விவரமாக எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். பதில் வர சில நாட்களிலிருந்து சில வாரங்கள் ஆகலாம். பாதி வேலையில் விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள், அடுத்த முறை இன்னும் நாள் இழுக்கும்.

### தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள்

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைக் கொடுங்கள். நீங்கள் எழுதாத ஜப்பானிய எழுத்துப் பக்கங்களோ மருந்து விற்கும் பக்கங்களோ வந்தால் ஹேக் ஆகிவிட்டது. நீங்கள் நேரில் திறந்தால் அந்தப் பக்கம் 404, அதாவது பக்கமே இல்லை, என்று நடிக்கும். கூகுளுக்கு மட்டும் உண்மை முகத்தைக் காட்டும். யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் கூகுள் எடுத்த பக்கத்தைப் பார்த்தால் பிடிபடும். சர்ச் கன்சோலின் பயனர்கள் பட்டியலையும் பாருங்கள். புகுந்தவர்கள் தங்களையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இது. கோப்புகளைத் தேடி அழிக்கும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். ஒரு பின்கதவை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வரும். பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், ஹோஸ்டிங்கில் பழைய பேக்கப் எந்தத் தேதியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், இந்த வேலை தெரிந்த ஒருவரை உடனே கூப்பிடுங்கள்.

## அறிகுறி: சில பக்கங்கள் மட்டும் அடியோடு காணவில்லை

டிசைன் மாற்றும்போது பக்க முகவரிகளும் மாறியிருக்கும், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பும் ரீடைரக்ட் போட்டிருக்க மாட்டார்கள். இண்டெக்ஸிங் பகுதியில் பேஜஸ் அறிக்கையைத் திறந்து 404 பட்டியலைப் பாருங்கள். அதில் முன்பு கிளிக் வாங்கிய பக்கங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தர) ரீடைரக்ட் செய்யுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி வேண்டாம். கூகுள் அதைப் பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். ரீடைரக்டை ஒரு வருடமாவது எடுக்காதீர்கள்.

அதே அறிக்கையில், கூகுள் வந்து படித்தும் இண்டெக்ஸில் சேர்க்கவில்லை என்ற பட்டியல் பெருத்துக்கொண்டே போனால் அது முகவரிப் பிரச்சினை அல்ல. பக்கங்களில் சரக்கு இல்லை. கீழே தளம் முழுவதும் சரிந்த பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: இம்ப்ரெஷனும் பொசிஷனும் அப்படியே, கிளிக் மட்டும் குறைந்தது

இம்ப்ரெஷன் என்பது தேடல் முடிவில் உங்கள் தளம் தெரிந்த எண்ணிக்கை. உங்கள் தளம் விழவில்லை. தேடல் பக்கத்தின் முகம் மாறிவிட்டது. அந்தத் தேடலைக் கைப்பேசியில் இன்காக்னிட்டோவில் நீங்களே போட்டுப் பாருங்கள். மேலே விளம்பரம், அதற்குக் கீழே ஹோட்டல் பெட்டி, மேப்பில் மூன்று கடைகள், 2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் ஏஐ ஓவர்வியூ என்ற ஏஐ எழுதும் சுருக்கப் பதில். முதல் இடத்தில் இருக்கும் உங்கள் சுட்டியைப் பார்க்க இரண்டு முறை திரையைத் தள்ள வேண்டியிருக்கும்.

எளிய திருத்தம் தலைப்பும் விளக்க வரியும். "முகப்பு" என்றோ, ஐந்து சொற்களைக் கமா போட்டு அடுக்கியோ தலைப்பு இருந்தால் கூகுள் தானாகவே வேறு ஒன்றைப் போட்டுவிடும், அது பெரும்பாலும் மந்தமாக இருக்கும்.

அதைவிடச் செலவான திருத்தம், எந்தக் கேள்விக்கு எழுதுகிறோம் என்பதை மாற்றுவது. பாண்டிச்சேரியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்ற கேள்விக்கு ஏஐயே பட்டியல் கொடுத்துவிடும், இனி அந்தக் கிளிக் பழைய அளவுக்குத் திரும்பாது. எதிர்பார்ப்பை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை வொய்ட் டவுனுக்குள் கார் போகுமா, வண்டியை எங்கே விட்டுவிட்டு நடக்கலாம், உங்கள் விடுதியிலிருந்து கடற்கரைச் சாலைக்குக் குழந்தையோடு எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம் அந்தத் தெருவில் இருப்பவர்தான் பதில் சொல்ல முடியும். அப்படிப் படித்துவிட்டு வருபவர்தான் அறையும் போடுகிறார்.

### இதற்கு நேர்மாறாக, இம்ப்ரெஷன் விழுந்து கிளிக் அப்படியே இருந்தால்

2025 செப்டம்பர் மாதத்தை ஒட்டி இப்படி நடந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளை வரவழைக்கும் வசதியைக் கூகுள் அப்போது நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் கருவிகள் அந்த வழியாக எழுப்பிய இம்ப்ரெஷன்கள் மறைந்தன. சராசரி பொசிஷன் திடீரென்று நன்றாகத் தெரிவதும் அதனால்தான். மனிதர்கள் யாரும் குறையவில்லை.

## அறிகுறி: சில பக்கங்கள் இரண்டு மூன்று இடம் கீழே இறங்கின

ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போவதைச் சிறிய சரிவு என்றுதான் கூகுளின் சொந்த வழிகாட்டியே சொல்கிறது. நன்றாக நிற்கும் பக்கத்தைப் பிரித்துப் போட்டு எழுதினால் கெடுவதற்கே வாய்ப்பு அதிகம். மேலே ஏறிய இரண்டு பக்கங்களைப் படித்துப் பாருங்கள். அவற்றில் உள்ள, உங்களிடம் இல்லாத தகவல் கண்ணில் பட்டால் அதை மட்டும் சேருங்கள்.

## அறிகுறி: தளம் முழுவதும் பத்து, இருபது இடம் சரிந்துவிட்டது

சரிவு அப்டேட் தேதிகளோடு பொருந்துகிறது, பெயர் சொல்லித் தேடுபவர்கள் குறையவில்லை, தொழில்நுட்பக் கோளாறும் இல்லை. நான்காம் இடத்தில் இருந்தது இருபத்தொன்பதுக்குப் போய்விட்டது என்ற வகை. நிஜமான அல்காரிதம் பாதிப்பு இதுதான். இதற்கு ஒரே ஒரு பட்டனில் சரியாகிற வழி கிடையாது. பொறுமையாகப் பார்ப்போம்.

### சீசன்தானா என்று கடைசியாக ஒருமுறை

போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பலாப்பழம் விற்பவருக்குக் கோடை முடிந்ததும் கோடு விழத்தான் செய்யும். சுற்றுலாத் தளத்துக்குப் புத்தாண்டு முடிந்த ஜனவரி இரண்டாம் வாரம் விழும். பொசிஷன் மாறாமல் இம்ப்ரெஷன் மட்டும் விழுந்தால் சீசன். பொசிஷனே விழுந்திருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

### எந்தப் பகுதி தளத்தை இழுக்கிறது

பேஜஸ் தாவலில் அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு, அதிகம் இழந்த ஐம்பது பக்கங்களை ஒரு ஷீட்டில் இறக்குங்கள். பெரும்பாலும் ஒரு கூட்டம் தெரியும். கடலூரில் ஏசி சர்வீஸ் செய்யும் ஒருவரின் தளத்தில் அந்தக் கூட்டம் இப்படி இருந்தது: லாஸ்பேட்டையில் ஏசி சர்வீஸ், முத்தியால்பேட்டையில் ஏசி சர்வீஸ், வில்லியனூரில், அரியாங்குப்பத்தில், மஞ்சக்குப்பத்தில், திருப்பாதிரிப்புலியூரில் என்று நாற்பதுக்கு மேல் பக்கங்கள். ஊர்ப் பெயரைத் தவிர ஒரு எழுத்துகூட மாறவில்லை. முதலியார்பேட்டை பக்கத்தின் நடுவில் "லாஸ்பேட்டை மக்களே" என்று அப்படியே விட்டிருந்தார்கள். இதைக் கூகுள் வாசல் பக்கம் என்ற வகையில் ஸ்பாமாக வைத்திருக்கிறது. அவருடைய நல்ல பக்கம் ஒன்றே ஒன்றுதான், விலைப்பட்டியல். அதையும் இந்த நாற்பதும் சேர்ந்து கீழே இழுத்தன.

2024 மார்ச் அப்டேட்டில் கூகுள் இன்னொன்றையும் ஸ்பாம் விதிகளில் சேர்த்தது: ரேங்குக்காக மட்டும் குவியல் குவியலாகப் பக்கம் தயாரிப்பது. ஏஐ எழுதியதா, ஆள் உட்கார்ந்து எழுதியதா என்பது அங்கே கேள்வி இல்லை. படிப்பவருக்கு உதவாமல் எண்ணிக்கைக்காகச் செய்ததா என்பதே கேள்வி. அதே சமயத்தில்தான் பயனுள்ள உள்ளடக்கத்துக்கென்று தனியாக இருந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் முறையையும் கோர் அல்காரிதத்துக்குள் சேர்த்துவிட்டார்கள்.

### மூன்று குவியல்

அந்த ஐம்பது பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். பிளகின் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், உரையைப் படியுங்கள். வைத்துக்கொள்ளும் பக்கம், இன்னொன்றோடு சேர்க்கும் பக்கம், எடுத்துவிடும் பக்கம். சேர்ப்பதை 301 போட்டுச் சேருங்கள். எடுப்பதை அப்படியே 404 ஆகவோ 410 (நிரந்தரமாக எடுக்கப்பட்டது) ஆகவோ விடலாம், அதனால் தீங்கு இல்லை. ஏசி சர்வீஸ்காரருக்கு நாற்பதும் போய், புதுச்சேரிக்கு ஒன்று, கடலூருக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் ஆயின. கடலூர்ப் பக்கத்தில் உப்புக் காற்றில் வெளிப்புற யூனிட்டின் காயில் (உலோகக் குழாய்ச் சுருள்) எப்படி அரிக்கப்படுகிறது என்று அவரே எடுத்த படங்களைப் போட்டோம். தேவனாம்பட்டினம் பக்கம் கடலுக்கு அருகில் உள்ள வீடுகளில் அவர் தினமும் பார்ப்பது அது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கிறார்கள்.

### திரும்ப எழுதுவது என்றால் என்ன

தேதியை மட்டும் மாற்றிப் புதுசுபோல் காட்டுவது திருத்தம் ஆகாது. ஒரு சுற்றுலாத் தளத்தின் பிச்சாவரம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். "உலகின் இரண்டாவது பெரிய சதுப்புநிலக் காடு" என்று தொடங்கியது. இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதிப் பரவிய தவறு அது. பிச்சாவரம் சுமார் 1,100 ஹெக்டேர். ஒடிசாவின் பிதர்கனிகாவே அதைவிடப் பல மடங்கு பெரியது. முதல் வரியிலேயே பொய் இருந்தால், எழுதியவர் அங்கே போனதே இல்லை என்று படிப்பவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்?

நானும் அந்தத் தளத்துக்காரரும் ஒரு காலை நேரில் போனோம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தில் துடுப்புப் படகும் இருக்கிறது, மோட்டார் படகும் இருக்கிறது. சுரபுன்னை வேர்கள் இரு பக்கமும் உரசுகிற குறுகிய கால்வாய்க்குள் துடுப்புப் படகு மட்டும்தான் போகும். வருகிறவர்கள் பலர் இது தெரியாமல் மோட்டார் படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டு, படத்தில் பார்த்த இடத்தைப் பார்க்காமல் திரும்புகிறார்கள். அந்த ஒரு தகவலைப் பக்கத்தின் முதல் பத்தியாக வைத்தோம். நாங்கள் எடுத்த படங்கள், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும், வெயில் ஏறுவதற்குள் எப்போது கிளம்ப வேண்டும் என்பவை அடுத்தடுத்து. பழைய இரண்டாயிரம் சொல் எழுநூறு ஆனது. அந்தப் பக்கம் அடுத்த கோர் அப்டேட்டுக்குப் பிறகுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பியது. அதே தளத்தில் திருத்தாமல் விட்ட ஏழெட்டுப் பக்கங்கள் இன்றும் கீழேயேதான் கிடக்கின்றன.

### காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்க், வாடகைக்கு விட்ட பக்கம்

யாருக்காவது பணம் கொடுத்து பேக்லிங்க் (பிற தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் சுட்டி) வாங்கியிருந்தால் நிறுத்துங்கள். தளத்தின் ஒரு பகுதியை வேறு யாருடைய கூப்பன் பக்கங்களுக்கோ கடன் விளம்பரத்துக்கோ வாடகைக்கு விட்டிருந்தால் அதையும் எடுங்கள். 2024 மே மாதம் முதல் கூகுள் அதையும் தண்டிக்கிறது. இந்த லிங்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியை மட்டும் சும்மா தொடாதீர்கள். லிங்க் காரணமாக மேனுவல் ஆக்‌ஷன் இருந்தாலோ, வரும் என்று தெளிவாகத் தெரிந்தாலோதான் அது தேவை. நல்ல லிங்கையும் சேர்த்துத் துண்டித்துவிட்டு வந்த தளங்களைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: மொபைலில் மட்டும், அல்லது ஒரு நாட்டில் மட்டும்

டிவைசஸ் தாவலில் கைப்பேசி மட்டும் விழுந்திருந்தால் ஒரு மலிவான கைப்பேசியில், வைஃபை இல்லாமல் தளத்தைத் திறந்து பாருங்கள். முகப்பில் 5 எம்பி படம் இருக்கும், அல்லது மூடவே முடியாத ஒரு வாட்ஸ்அப் பெட்டி திரையை மறைக்கும். கூகுளின் பக்க வேக அளவுகளான கோர் வெப் வைட்டல்ஸில், பெரிய படம் தெரிய 2.5 வினாடிக்குள், தொட்டால் எதிர்வினை 200 மில்லிவினாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது கூகுள். ஆனால் வேகத்தை மட்டும் சரிசெய்து சரிந்த தளம் எழுந்ததை நான் பார்த்ததில்லை. வந்தவர் திரும்பிப் போகாமல் இருக்க அது உதவும்.

புதுச்சேரி விடுதிகளுக்குக் கன்ட்ரீஸ் தாவல் முக்கியம். இந்தியா அப்படியே இருந்து பிரான்ஸ் மட்டும் விழுந்திருந்தால் உங்கள் பிரெஞ்சுப் பக்கங்களைப் பாருங்கள். மொழிபெயர்ப்பு பிளகின் தானாகத் தயாரித்துத் தள்ளிய பக்கங்களாக அவை இருந்தால், பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் மூன்று பக்கத்தை மட்டும் ஒழுங்காக எழுதி வாங்கிவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஊரில் பிரெஞ்சு தெரிந்தவருக்குப் பஞ்சமில்லை.

## அறிகுறி: மேப்பில் மட்டும் காணவில்லை

இது தளத்தின் கோளாறு அல்ல, மேப்பில் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலின் கோளாறு. முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைப் பெயரோடு "பாண்டிச்சேரியில் சிறந்த" என்றெல்லாம் ஒட்டியிருந்தால் பலகையில் உள்ள பெயருக்கு மாற்றுங்கள். மேப்பில் கடையின் இடக்குறி (பின்) சரியான தெருவில் இருக்கிறதா, விடுமுறை நேரம் மாற்றியபோது நிரந்தரமாக மூடியது என்று பதிவாகிவிட்டதா என்பது அடுத்த சோதனை.

## ஆளை வைப்பதென்றால்

ஹேக், லிங்க் தொடர்பான மேனுவல் ஆக்‌ஷன், ஹோஸ்டிங் மாற்றம், ஆயிரக்கணக்கான பக்கமுள்ள தளம். இந்த நான்கில் ஒன்று என்றால் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். மற்றவற்றை நீங்களே பார்க்கலாம். வருகிறவர் முப்பது நாளில் முதல் இடம் என்று உறுதி கொடுத்தால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கூகுளுக்குள் இருப்பவர்களாலேயே அப்படி உறுதி கொடுக்க முடியாது. நல்லவர் முதலில் தேதியைக் கேட்பார், சர்ச் கன்சோலைப் பார்க்க அனுமதி கேட்பார். பார்ப்பதற்கு மட்டுமான பயனராகச் சேருங்கள், போதும். பாஸ்வேர்டு வேண்டாம்.

## மறுபடி எப்போது பார்ப்பது

தொழில்நுட்பக் கோளாறைச் சரிசெய்தால் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அசைவு தெரியும். பக்கங்களைத் திருத்தியிருந்தால் மாதக்கணக்கு. சில மாற்றங்கள் முன்பே தெரியலாம், ஆனால் முழுப் பலனும் அடுத்த கோர் அப்டேட் வரை தெரியாமல் போகலாம். அதுவரை தினமும் பொசிஷன் பார்க்க வேண்டாம். திங்கள்தோறும் ஒருமுறை, அதே ஃபில்டர், அதே 28 நாள் ஒப்பீடு.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, எந்தப் பக்கம், என்ன மாற்றம் என்று மூன்று கட்டம். ஒரு நாளில் ஒரு வகை மாற்றம் மட்டும் செய்யுங்கள். புயல், மின்வெட்டு, பள்ளி விடுமுறை, ஹோஸ்டிங் நின்றது என்று வெளியில் நடந்ததையும் அதிலேயே எழுதுங்கள். ஹோம்ஸ்டே அக்காவின் நோட்டில் முதல் வரி 30.11.2024, புயல் என்று இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் முதலில் தேதியைச் சொல்கிறார்.